புதுக் கட்டடம் வந்தால் பார்க்கலாம்

நாற்காலி தூக்குவதற்கு ஒரு முறை உண்டு, ஐயா. நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் இருப்பதைப் பிடித்து, மொத்தத்தையும் மார்போடு அணைத்துத் தூக்கினால் முதுகு பிடிக்காது. இந்தக் கையில் ஒன்று அந்தக் கையில் ஒன்று என்று தொங்கவிட்டுக்கொண்டு நடப்பவன் சாயங்காலத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அன்று காலை அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அவர்களை எதற்குக் கூப்பிட்டாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதை முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும். நடுவிலிருந்து சொன்னால் நான் கெட்டவன் போலத் தெரிவேன்.

எழுதித் தருகிறேன் என்று சொன்னது நான்தான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் என்னால் உட்கார முடியாது. எழுந்து நடப்பேன், உங்கள் காவலர் தோளைப் பிடித்து அழுத்துவார், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். எழுத்து எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. மகள் படித்து முடித்த புத்தகங்களை வைத்துக்கொண்டு, அவளிடமே கேட்டுக் கேட்டுக் கற்றேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

கல்லூரியில் எனக்கு எல்லா வேலையும் உண்டு. மேசை நகர்த்துவது, குழாய் அடைப்பெடுப்பது, சுவருக்கு வெள்ளையடிப்பது, மொட்டை மாடியில் சருகு பெருக்குவது. "யாருப்பா அங்க" என்று எந்த அறையிலிருந்து குரல் வந்தாலும் அது என்னைத்தான். ஓடி ஓடியே பழகிய கால்கள். சும்மா நின்றால் அவற்றுக்குக் கோபம் வரும்.

பழைய பாட்டுக்கூடத்தை நீங்கள் இடிந்த பிறகுதான் பார்த்தீர்கள். மர உத்திரங்கள் மேல் போட்ட தட்டைக் கூரை, தடிச் சுவர், சின்னச் சின்ன அறைகள். ஒரு அறையில் வயலின் வாசித்தால் அடுத்த அறையில் பாடுகிற பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு பாடும். இடம் போதாமல் பாதிப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்து பாடுவார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்து போவேன். மூலை அறை டீச்சருடையது. பியானோ அங்கேதான் இருந்தது. அவரை எல்லோரும் வெறுமனே டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரியில் வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

என் மகளுக்குக் குரல் உண்டு. பாத்திரம் துலக்கும்போது அவள் பாடினால் பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைப்பார்கள். அவள் பள்ளிப் படிப்பை முடித்ததும் டீச்சரிடம் அழைத்துப்போனேன். டீச்சர் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினார். அவள் பாடினாள். இன்னொன்றை அழுத்தினார். பாடினாள். பிறகு டீச்சர் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு பட்டு வெடித்த கைகள்.

"இப்ப இடம் இல்லைங்க," என்றார். "பாக்குறீங்கல்ல, பிள்ளைங்க படிக்கட்டுல உக்காந்திருக்கு. புதுக் கட்டடம் வந்தா பார்க்கலாம்."

பூச்சு காய்ந்தால் வெள்ளையடிக்கலாம் என்று கொத்தனார் சொன்னால், நான் பூச்சு காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சொல்லுக்கு உள்ளே வேறொரு சொல் இருக்கும் என்று எனக்குத் தோன்றாது. கட்டடம் வந்தால் மகளுக்கு இடம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் கட்டடம் என் வேலை.

திட்டம் அப்போதே பேச்சில் இருந்தது. வரைபடம் போட்ட இன்ஜினியர், தெர்மாகோலில் ஒரு மாதிரிக் கட்டடம் செய்து கொண்டுவந்தார். கல்லூரி முதல்வர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். காகித மரங்கள், பஞ்சுப் புதர்கள், விரல்நுனி அளவுக்குப் பிளாஸ்டிக் மனிதர்கள். கூரையைத் தனியாகத் தூக்கலாம். உள்ளே பெரிய அரங்கு, அதைச் சுற்றி ஒன்றுக்கொன்று சத்தம் கேட்காத அறைகள். தினமும் தூசி துடைப்பது நான்தான். வாசலில் நின்ற ஒரு பெண் பொம்மையை எடுத்து மேடையில் நிறுத்திவைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. என் சட்டைப்பையில் நீங்கள் எடுத்தது அந்தப் பொம்மைதான். அது சின்னக் குழந்தையின் விளையாட்டுச் சாமான் இல்லை.

பணத்துக்காகக் கூட்டம் போட்டார்கள். பழைய மாணவர்கள் வந்தார்கள், கடைக்காரர்கள் வந்தார்கள், எல்லோரும் கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்து, "பிரமாதம்" என்றார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள். நாற்காலி போடுவதும் எடுப்பதும் நான். ஒவ்வொரு கூட்டத்துக்கு முந்தின நாளும் எனக்குச் சோறு இறங்காது. முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள, துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டு நிற்பேன்.

வீட்டுக்காரி சிரிப்பாள். "கட்டடம் வருது, கட்டடம் வருதுன்னு நீ வாசல்லயே நில்லு. அது வர்றதுக்குள்ள இவ பேரன் பேத்தியே எடுத்துடுவா."

"வரும்டி."

"எது? பஸ்ஸா?"

மகள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டாள். எழுந்து துணி மடிக்கப் போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்தேன்.

பெரிய தொகை கொடுக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். கம்பி முதலாளி. அந்தக் கல்லூரியிலேயே படித்து, இரும்புக் கம்பி வியாபாரத்தில் வளர்ந்தவர். டீச்சரிடம் பாட்டுக் கற்றுப் பாதியில் விட்டவர். அவர் சரி என்றால் மற்றவர்களும் பின்னால் வருவார்கள் என்று முதல்வர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரோ ஒரே கேள்வியைக் கேட்டார்.

"பழசு நல்லாத்தானே நிக்குது? நிக்கிறதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு எதுக்கு?"

"இட நெருக்கடி சார்," என்றார் முதல்வர்.

"நெருக்கடி எங்க வீட்டுலயும்தான். மாமியார் பெட்டியோட வந்து இறங்கியிருக்காங்க. அதுக்காக இன்னொரு வீடா கட்ட முடியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பழசு நின்றது. அதுதான் குறை.

மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் வாயிலிருந்து சருகை எடுப்பது என் வேலை. அந்த முறை எடுக்கவில்லை. இதைக் குற்றம் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். வேலை மறந்தவன் என்று வேண்டுமானால் சொல்லலாம். பிறகு சருகு மட்டும் போதவில்லை என்று தெரிந்தது, தண்ணீர் எப்படியோ வழி கண்டுபிடித்துப் போய்விடுகிறது. பழைய சாக்கைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்தேன். மூலை அறைக்கு மேலே குளம் மாதிரித் தண்ணீர் நின்றது. மழை விட்ட பிறகும் நின்றது. சும்மா இருக்க முடியாமல் தினமும் மேலே ஏறிப் பார்ப்பேன். தண்ணீரில் வானம் தெரியும். இவ்வளவு மெதுவாகவா என்று இருக்கும்.

சுவரில் ஈரம் இறங்கியது. பூச்சு உப்பி உதிர்ந்தது. டீச்சர் அறையில் பூஞ்சை வாடை அடிக்க ஆரம்பித்ததும் முதல்வர் இன்ஜினியரைக் கூப்பிட்டார். புதுக் கட்டடம் வந்தால் அந்த மனிதருக்குத்தான் லாபம். பழசு தேறாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் ஏணியில் ஏறி உத்திரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஒரே ஒரு உத்திரம்தான் சார். சுவருக்குள்ள இருக்கிற முனை உளுத்துப்போச்சு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. விடுமுறையில மாத்திடலாம். அதுவரைக்கும் முட்டு கொடுத்துடுவோம்."

இரும்பு முட்டு ஒன்றைக் கொண்டுவந்து பியானோவுக்குப் பின்னால் நிறுத்தி உத்திரத்தைத் தாங்கவைத்தார். குழாய்க்குள் குழாய், நடுவில் ஒரு திருகு. திருகினால் உயரும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும். போகும்போது என் தோளில் கை போட்டார்.

"அண்ணே, தினமும் காலையில ஒரு தடவை இறுக்கமா இருக்கான்னு பாத்துக்குங்க. இது இருக்கிற வரைக்கும் பயமில்ல. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

நல்ல மனிதர். அவரைத்தான் நீங்கள் பிடித்து வைத்திருந்தீர்கள்.

அடுத்த கூட்டத்தில் டீச்சரும் வந்து உட்கார்ந்தார். புதுக் கட்டடம் வேண்டும் என்று அவர் வாயால் கேட்டால் கம்பி முதலாளி மறுக்க மாட்டார் என்று முதல்வர் ஏற்பாடு செய்திருந்தார். டீச்சர் எழுந்து, "எனக்கு உத்திரத்தை மாத்திக் கொடுத்தா போதும். இதுவரைக்கும் வந்த பணத்துல பிள்ளைங்களுக்கு நல்ல வயலின் வாங்கிக் கொடுங்க. பாதி வயலின் இருமுது," என்றார்.

கம்பி முதலாளி மேசையைத் தட்டினார். "டீச்சரே சொல்லியாச்சு. அப்புறம் என்ன?"

அன்றே கண்ணாடிப் பெட்டியை முதல்வர் அறையிலிருந்து எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். துடைப்பமும் பினாயிலும் இருக்கிற இடம். நான்தான் தூக்கிப் போனேன். பெட்டி சாய்ந்து மேடையிலிருந்த பொம்மை கீழே விழுந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். "காலுக்குக் கீழ நெருப்பா வச்சிருக்கு?" என்று வீட்டுக்காரி கேட்டாள். ஒரு வேலையை எடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.

இனி நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று காலை பிள்ளைகள் மூலை அறைக்கு வெளியே நடையில் வகுப்புக்காகக் காத்திருந்தார்கள். டீச்சர் எப்போதும் முன்னாலேயே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தனக்காகக் கொஞ்சம் வாசிப்பார். அது முடிந்த பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிடுவார். நான் அவர்களிடம் போய், கூட்ட அறையில் நாற்காலி போட வேண்டும், டீச்சரிடம் சொல்லியாயிற்று என்றேன்.

"இன்னைக்கு என்ன கூட்டம்ணே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கட்டடக் கூட்டம்மா."

"இன்னும் அது முடியலையா? எங்க அக்கா படிக்கும்போதே இந்தக் கூட்டம் நடந்துச்சே," என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அடுக்கித் தூக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தேன். அந்தப் பெண் ஒல்லி. அவளை மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்குக் கூட்டம் எதுவும் கிடையாது என்று முதல்வர் உங்களிடம் சொன்னது உண்மைதான். பிள்ளைகளுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களிடம் நான் சொன்னபோது, அறை காலியாக இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். பியானோ சத்தம் நடை முழுக்கக் கேட்டது. நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"வாங்க. முட்டுக் கம்பியைப் பாக்க வந்தீங்களா?" என்றார் டீச்சர், வாசிப்பதை நிறுத்தாமல்.

"ஆமா டீச்சர்."

பின்னால் போய்த் திருகைப் பிடித்தேன். அது இறுகியிருந்தது, ஒரு துணியைச் சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரும்பு கிறீச்சென்றது.

"இன்னும் இறுக்கணுமா?"

"கொஞ்சம் டீச்சர்."

"மெதுவா, கையைக் கிழிச்சுக்கப் போறீங்க."

எதிர்ப்பக்கம் திருகினேன். முட்டின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. உளுத்த மரம் உடனே விழுந்துவிடாது, முதலில் முனகும். பியானோ சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் வெளியே வந்து, வழக்கம்போல் கதவைச் சாத்தினேன். கூட்ட அறைக்குப் போய் நான்கு நாற்காலியை அடுக்கி மார்போடு அணைத்துத் தூக்கியபோதுதான் சத்தம் வந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். நான் நாற்காலிகளை ஒழுங்காகக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். கம்பி முதலாளி கல்லூரி வாசலில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "நான்தான் தள்ளிப்போட்டேன், நான்தான்," என்று தலையில் அடித்துக்கொண்டார். டீச்சர் பெயரில் கட்டடம் என்று அங்கேயே நின்று அறிவித்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் கொடுத்தார்கள். டீச்சரிடம் படித்துவிட்டு எங்கெங்கோ போய்விட்டவர்களெல்லாம் அனுப்பினார்கள். அத்தனை கூட்டத்தில் வராதது தானாக வந்தது. கண்ணாடிப் பெட்டி முதல்வர் அறைக்குத் திரும்பியது. ஈரத்துணியால் துடைத்து, பொம்மையை மறுபடி மேடையில் நிறுத்தினேன். அன்று மட்டும் என் கால்கள் ஓய்ந்திருந்தன. உட்கார்ந்து, முழுத் தட்டையும் சாப்பிட்டேன்.

அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். அதற்குள் நீங்கள் வந்து, முட்டுக் கம்பியைச் சரியாக நிறுத்தவில்லை என்று இன்ஜினியரைக் கொண்டுபோய்விட்டீர்கள். வரைபடம் அவருடையது. வழக்கு முடியும்வரை வேலையைத் தொடக்கூடாது என்று உத்தரவு. பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. கரை சரிந்தது. புல் முளைத்தது. தினமும் போய்ப் பார்த்தேன். வழக்கு எவ்வளவு நாள் இழுக்கும் என்று முதல்வரிடம் கேட்டேன். "யாருக்குத் தெரியும், வருஷக்கணக்காகலாம்," என்றார். பொம்மையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே உங்களிடம் வந்தேன்.

ஆகவே காரணம் கட்டடம்தான். என் ஒருத்தன் பிள்ளைக்காக மட்டும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து பாடுகிற எத்தனையோ பிள்ளைகளுக்காக. இன்ஜினியரை விட்டுவிட்டீர்கள் என்று காவலர் சொன்னார். சந்தோஷம். வேலையும் தொடங்கட்டும்.

நேற்று நீங்கள் கேட்ட இன்னொன்றும் இருக்கிறது. உத்திரம் விழுந்ததற்கு முந்தின நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பேசியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். பேசினார், உண்மைதான்.

உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்," என்றார். "உங்க பொண்ணுக்குக் குரல் இருக்கு. ஆனா சுருதி நிக்கல. கட்டடம் வந்தாலும் நான் இடம் கொடுக்க முடியாதுங்க. உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரல, அதான் இடமில்லைன்னுட்டேன்."

நான் பியானோ மேலிருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளுக்கே தெரியும்," என்றார். "வந்து அழுதா. 'நர்ஸ் படிக்கணும் டீச்சர், அப்பாகிட்ட சொல்லப் பயமா இருக்கு, நீங்களே சொல்லிடுங்க'ன்னா. திட்டாதீங்க அவளை."

"சரிங்க டீச்சர்," என்றேன். பியானோவைத் துடைக்கட்டுமா என்று கேட்டேன். துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மகள் கொடியில் துணி போட்டுக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்று கடைசிவரை கேட்டேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இதற்கும் மறுநாள் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. கட்டடம் என் மனதில் அதற்கு வெகுநாள் முன்னாலேயே இருந்தது என்பதை மேலே விவரமாக எழுதியிருக்கிறேன்.

மகள் இங்கே ஒரு தடவை வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏன்பா?" என்று மட்டும் கேட்டாள். கட்டடத்துக்காகம்மா என்றேன். இனிமேல் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது துக்கத்தில் சொல்வது. போகப் போகச் சரியாகிவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அந்தப் பொம்மையை முதல்வரிடம் கொடுத்து, மேடையில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். கட்டடம் திறக்கிற அன்று முதல் பாட்டு என் மகள் பாட வேண்டும். நான் அங்கே இல்லாவிட்டால் பரவாயில்லை. சுருதி நிற்கிறதா இல்லையா என்று எல்லோரும் கேட்கட்டும். வாசலில் டீச்சரின் பெயர் இருக்கும். அவரும் கேட்டுக்கொள்ளட்டும்.